சிவப்பு மண்ணும் வெள்ளை மாவும்

"அந்தக் காலத்துச் சாப்பாட்டில சத்து இருந்துச்சு. இப்ப உரத்தப் போட்டுப் போட்டு மண்ணே செத்துப் போச்சு. அதுல விளையிறது எல்லாம் வெறும் சக்கை." இந்தப் பேச்சைக் கேட்காமல் மலையகத்தில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தபோது, இதே பேச்சுத்தான் மேடையிலும் தொலைக்காட்சியிலும் அரச கொள்கையாக வந்து நின்றது. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் எல்லாரும் விளைச்சலைப் பற்றியும் விலையைப் பற்றியும் டொலரைப் பற்றியும் பேசினோம். பாட்டி சொன்ன விஷயம் உண்மையா என்று மட்டும் யாரும் நின்று பார்க்கவில்லை.

மண்ணின் வளம் மாறினால் தானியத்துக்குள் இருக்கும் இரும்பும் நாகமும் மாறுமா? மாறினால் எவ்வளவு? எருவில் விளைந்த மணிக்கும் யூரியாவில் விளைந்த மணிக்கும் வித்தியாசம் உண்டா? இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட 180 வருட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் தமிழ்நாட்டு மலையொன்றில் நடந்தது. அந்தக் கதையைக் கோதுமையை வைத்துச் சொல்லப் போகிறோம்.

ஏன் கோதுமை? மஹய்யாவயில் ஒரு கதிர் கோதுமை விளையாது. இலங்கையிலேயே அது ஒரு பயிராக இல்லை. ஆனால் நம் வீடுகளில் காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி, இடையில் பாண், கடைக்குப் போனால் கொத்து. நாம் அரிசிச் சோற்றுக்காரர் என்று சொல்லிக்கொண்டாலும், நம் உடம்பின் ஒரு பங்கு கோதுமை மாவால் ஆனது. அந்த மா எந்த நாட்டு மண்ணிலிருந்து வருகிறது, வரும் வழியில் எதை இழக்கிறது என்பது நம் இரத்தத்தோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

குன்னூர், 1926

நீலகிரியில் குன்னூர் என்ற மலைநகரம் இருக்கிறது. நம்மைப் போலவே தேயிலை ஊர். அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய பிரிவு தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் இந்திய மருத்துவச் சேவையில் இருந்த றொபர்ட் மக்கரிசன். அந்தச் சின்ன அறைதான் வளர்ந்து 1928இல் போஷாக்கு ஆய்வுக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்று இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

மக்கரிசன் மருத்துவர். ஆனால் நோயைத் தேடிப் போகப் போக அவர் சமையலறைக்குப் போனார், அங்கிருந்து வயலுக்குப் போனார். அப்போது கோயம்புத்தூர் விவசாயக் கல்லூரியில் ஒரு நிலம் இருந்தது. 1909இலிருந்து அங்கே ஒரு துண்டுக்கு மாட்டெரு, ஒரு துண்டுக்கு இரசாயன உரம், ஒரு துண்டுக்கு எதுவுமே இல்லை என்று பிரித்து, வருடாவருடம் அதே மாதிரிப் பயிர் செய்து வந்தார்கள். அரசாங்க விவசாய இரசாயனவியலாளராக இருந்தவர் பி. விசுவநாத். பிறகு இந்திய விவசாய ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்தவர்.

மருத்துவரும் மண் அறிஞரும் சேர்ந்து கேட்ட கேள்வி எளிமையானது: உரம் மாறினால் தானியத்தின் போஷாக்கு மாறுமா? சிறுதானியத்தையும் கோதுமையையும் எடுத்துக்கொண்டார்கள். வேறு வேறு உரத்தில் விளைந்த தானியத்தைப் பிராணிகளுக்குத் தனித்தனியாகக் கொடுத்து, எவை நன்றாக வளர்கின்றன, எவை நோய்ப்படுகின்றன என்று பார்த்தார்கள். 1926இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சஞ்சிகையில் முடிவு வெளியானது. மாட்டெரு போட்ட நிலத்துத் தானியத்துக்குப் போஷாக்கும் விற்றமின் மதிப்பும் கூட என்று அவர்கள் கண்டார்கள்.

இதைப் படித்தால் பாட்டி ஜெயித்துவிட்ட மாதிரி இருக்கும். உலகத்தில் பலருக்கும் அப்படித்தான் இருந்தது. இந்தியாவில் கோதுமை ஆராய்ச்சி செய்து, இந்தூரில் கம்போஸ்ட் முறையை உருவாக்கிய அல்பர்ட் ஹவார்ட் மக்கரிசனின் வேலையைக் கையில் எடுத்தார். 1940இல் அவர் எழுதிய 'விவசாய சாசனம்' என்ற புத்தகம் இயற்கை விவசாய இயக்கத்தின் வேதம் மாதிரி ஆனது. இன்று மேற்கில் 'ஓர்கானிக்' என்று லேபல் ஒட்டி விற்கிறார்களே, அந்தச் சிந்தனையின் ஒரு வேர் குன்னூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மக்கரிசனும் விசுவநாத்தும் அளந்தது பிராணிகளின் வளர்ச்சியை. மணிக்குள் எத்தனை இரும்பு, எத்தனை நாகம் என்று தனித்தனியாக நுட்பமாக அளக்கும் கருவிகள் அன்று கிடையாது. பின்னால் வேறு நாடுகளில் செய்த பரிசோதனைகளில் அதே முடிவு அவ்வளவு தெளிவாக வரவும் இல்லை. உரம் என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் பல விஷயங்கள் ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க இன்னும் 80 வருடம் ஆனது.

போத்தலில் அடைத்த 160 வருடம்

இங்கிலாந்தில் ரொத்தம்ஸ்டெட் என்ற இடத்தில் 'புரோட்போக்' என்று ஒரு வயல் உண்டு. 1843இல் ஜோன் லோஸ் என்ற நிலக்காரரும் ஜோசப் கில்பர்ட் என்ற இரசாயனவியலாளரும் அதில் கோதுமை விதைத்தார்கள். லோஸ் இரசாயன உரம் செய்து விற்றவர். அதனால் அவருக்கு இதில் ஒரு வியாபாரக் கண்ணும் இருந்தது. ஒரு துண்டுக்கு மாட்டெரு, சில துண்டுகளுக்கு வேறு வேறு கலவையில் இரசாயன உரம், ஒரு துண்டுக்கு ஒன்றுமில்லை. அந்தப் பரிசோதனை இன்று வரை நிற்கவில்லை.

அவர்கள் செய்த பெரிய காரியம் இன்னொன்று. ஒவ்வொரு அறுவடையிலும் கொஞ்சம் தானியத்தையும் வைக்கோலையும், அவ்வப்போது கொஞ்சம் மண்ணையும் எடுத்துப் பத்திரமாக வைத்தார்கள். அளக்கும் கருவி இல்லாத காலத்தில், கருவி வரும் காலத்துக்காகச் சேமித்து வைத்த மாதிரி ஆகிவிட்டது.

2008இல் ஆய்வாளர்கள் அந்தப் பழைய மாதிரிகளைத் திறந்து அளந்தார்கள். 1845இலிருந்து 1960களின் நடுப்பகுதி வரை மணிக்குள் இருந்த நாகம், இரும்பு, செம்பு, மக்னீசியம் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. அதற்குப் பிறகு நான்கும் தெளிவாகக் கீழே இறங்கின. 'பாத்தீங்களா, உரம்தான்!' என்று சொல்ல வாய் திறக்கும் நேரத்தில், அடுத்த வரி வாயை அடைக்கிறது: மண்ணில் இருந்த அளவு குறையவே இல்லை. சில தாதுக்கள் கூடியும் இருந்தன. அதோடு, இரசாயன உரம் போட்ட துண்டில் மட்டுமல்லாமல் மாட்டெரு போட்ட துண்டிலும், 160 வருடமாக ஒன்றுமே போடாத துண்டிலும் அதே இறக்கம்.

அப்படியென்றால் 1960களில் என்ன நடந்தது? விதை மாறியது. யப்பானின் 'நோரின் 10' என்ற குட்டைக் கோதுமையின் மரபணு மெக்சிகோவில் நோர்மன் போர்லாக் கைக்கு வந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிய காலம் அது. உயரமான பழைய கோதுமைக்கு உரம் அதிகம் போட்டால் தலை பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். குட்டைக் கோதுமை நின்று தாங்கும், மணி நிறையப் பிடிக்கும். இந்தியாவில் எம். எஸ். சுவாமிநாதன் போன்றவர்கள் அதை வயலுக்குக் கொண்டுவந்தார்கள். 1966இல் இந்தியா மெக்சிகோவிலிருந்து 18,000 தொன் விதைக் கோதுமையை இறக்கியது. பசுமைப் புரட்சி என்று பாடப் புத்தகத்தில் படித்தது இதைத்தான். புரோட்போக் வயலுக்கும் அதே காலத்தில் குட்டை ரகங்கள் வந்தன.

ஒரு செடி மண்ணிலிருந்து ஓரளவு நாகத்தைத்தான் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதையே இரண்டு மடங்கு மணிக்குப் பங்கு போட்டால் ஒவ்வொரு மணிக்கும் கிடைப்பது குறையும். கறி அதே அளவு, பந்தியில் ஆள் கூடிவிட்டார்கள். மாவுச்சத்து பெருகப் பெருகத் தாது ஐதாகிறது. ஆகவே பாட்டி சொன்னதில் பாதி சரி: கோதுமையில் சத்து குறைந்தது உண்மை. அதற்கு மண் செத்துப் போனதுதான் காரணம் என்று இந்த வயல் சொல்லவில்லை. பசியைப் போக்க நாம் தெரிவு செய்த விதைக்கு அப்படி ஒரு விலை இருந்தது. 1960களின் பஞ்சப் பயத்தை நினைத்தால், அந்தத் தெரிவைச் சும்மா குற்றம் சொல்லிவிட்டுப் போகவும் முடியாது.

மண் பேச்சைக் கேட்கும் சத்து, கேட்காத சத்து

அப்போ மண்ணுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சத்துக்கும் ஒவ்வொரு மாதிரி.

நாகம் மண் பேச்சைக் கேட்கும். துருக்கியின் நடு அனத்தோலியாவில் சுண்ணாம்பு கலந்த, காரத்தன்மையான மண். நாகம் இருந்தாலும் வேர் எடுக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கும். 1990களில் இஸ்மாயில் சக்மக் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் அங்கே கோதுமைக்கு நாகம் சேர்த்த உரம் போட்டுப் பார்த்தார்கள். விளைச்சலும் கூடியது, மணிக்குள் நாகமும் கூடியது. கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் இலையில் தெளித்தால் இன்னும் நன்றாக மணிக்குள் போகிறது என்றும் தெரிந்தது. அதாவது, ஒரு இரசாயன உரம் தானியத்தின் சத்தைக் கூட்டியது.

செலீனியம் இன்னும் நன்றாகக் கேட்கும். பின்லாந்தின் மண்ணில் அது மிகக் குறைவு. மக்களுக்கு மாத்திரை கொடுப்பதற்குப் பதிலாக, உரத்திலேயே செலீனியத்தைக் கலக்க அந்த நாடு 1984இல் முடிவு செய்தது. தானியத்தில் அதன் அளவு பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. பிரித்தானியாவில் இதற்கு நேர்மாறான கதை. செலீனியம் நிறைந்த வட அமெரிக்கப் புல்வெளி மண்ணின் கோதுமையை விட்டு, உள்ளூர், ஐரோப்பியக் கோதுமைக்கு மாறிய பிறகு மக்கள் சாப்பாட்டில் செலீனியம் ஏறக்குறைய பாதியாகியது. யாரும் சாப்பாட்டை மாற்றவில்லை. அதே பாண்தான். பாணுக்குப் பின்னால் இருந்த மண் மட்டும் மாறியது. மா முழுவதும் வெளியிலிருந்து வரும் நம் நாட்டுக்கு இது சின்ன விஷயமா?

உரங்களுக்குள்ளேயே பகையும் நட்பும் உண்டு. நைதரசன் போதுமான அளவு இருந்தால் செடி நாகத்தையும் இரும்பையும் மணிக்கு நன்றாக அனுப்புகிறது. பொஸ்பரஸ் அளவுக்கு மிஞ்சினால் நாகம் குறைகிறது. வேரோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் பூஞ்சைகள் சோம்பிப் போவது அதற்கு ஒரு காரணம். 'இரசாயன உரம் நல்லதா கெட்டதா' என்ற பட்டிமன்றத் தலைப்புக்கு விடை கிடைக்காமல் போவது இதனால்தான். எந்த உரம், எந்த மண்ணில், எவ்வளவு என்று கேட்டால்தான் விடை வரும்.

இரும்பு பிடிவாதக்காரன். மஹய்யாவயில் அத்திவாரம் வெட்டினால் வருவது செம்மண். அந்தச் சிவப்பு இரும்பு ஒக்சைட்டின் நிறம். பேராதனை விவசாயத் திணைக்களத்தில் 1930களில் ஏ. டபிள்யூ. ஆர். ஜோக்கிமும் எஸ். கந்தையாவும் இலங்கை மண்வகைகளைப் பற்றி வரிசையாக ஆய்வுகள் வெளியிட்டார்கள். கண்டியைச் சுற்றியுள்ள சிவப்பு மண்ணும் அப்போதிருந்தே ஆராயப்பட்டு வருகிறது. இரும்புக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒக்சைட்டாக இறுகிய இரும்பு தண்ணீரில் கரையாது. செடியும் தனக்கு வேண்டிய அளவுக்கு மேல் உள்ளே விடாது. மண்ணில் இரும்பைக் கொட்டினாலும் மணிக்குள் பெரிதாக ஏறுவதில்லை. இரும்பு நிறைந்த மலையின் மேல் இரத்தத்தில் இரும்பு குறைந்த பெண்கள் நடந்து போவது அதனால் முரண்பாடே இல்லை.

இதே பாடத்தை இலங்கையிலேயே ஒரு ஆய்வு காட்டியது. கண்டக்கழலை ஏன் சில ஊர்களில் அதிகம் என்று தேடிய ஆய்வாளர்கள், ஈர வலயம் முதல் உலர் வலயம் வரை கிராமங்களில் மண், அரிசி, தண்ணீர், பெண்களின் தலைமுடி எல்லாவற்றையும் எடுத்து அளந்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளியான அந்த முடிவில், நோய் அதிகமுள்ள ஊர்களின் மண்ணில் செலீனியமும் அயடீனும் குறைவாக இல்லை. மண்ணின் களியும் சேதனப் பொருளும் அவற்றைப் பிடித்து வைத்திருந்தன. அதனால் பயிருக்குப் போகவில்லை. மண்ணில் இருப்பது வேறு, மண் கொடுப்பது வேறு.

மா நம் வீட்டுக்கு வந்த வழி

இனி மணியை விட்டு மாவுக்கு வருவோம். நம் முன்னோர் கோப்பிக் காலத்தில் இந்த மலைக்கு வந்தபோது தோட்டத்தில் கிடைத்தது அரிசி. துரைமார் அதை இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் இறக்கி, சம்பளத்தில் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். 1942இல் பர்மா யப்பானிடம் விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றது. பங்கீடு வந்தது, அரிசியின் இடத்தைக் கோதுமை மாவைக் கொண்டு நிரப்பினார்கள். விருப்பத்தால் வராமல் யுத்தத்தால் வந்த சாப்பாடு அது. யுத்தம் முடிந்தும் போகவில்லை. கூப்பனிலும் கடையிலும் தங்கிவிட்டது. பிறகு அமெரிக்க உதவிக் கோதுமையும் சேர்ந்தது.

1953இல் அரிசி விலை ஏறியதற்கு ஹர்த்தால் நடந்ததை எல்லாரும் படித்திருப்போம். 1973, 74இல் உலகச் சந்தையில் தானிய விலை ஏறியபோது தோட்டங்களில் நடந்ததைப் பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பங்கீடு சுருங்கியது, மாவும் கிடைக்கவில்லை, தோட்டத்து மக்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த வருடங்களில் தோட்டப் பகுதியின் இறப்பு வீதம் ஏறியது ஆவணங்களில் இருக்கிறது. தனக்கென்று விளைவிக்க நிலமில்லாத, 1948 சட்டத்தால் பலருக்குக் குடியுரிமையும் இல்லாத ஒரு சமூகத்துக்கு, யாரோ தீர்மானிக்கும் மா மட்டும்தான் சாப்பாடு என்றால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சாட்சி.

1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பெரிய பிறீமா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன் பிறகு மாவாக இறக்கிய நாடு கோதுமை மணியாக இறக்கி இங்கேயே அரைத்தது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். கோதுமை மணியின் தாதுக்கள் பெரும்பாலும் வெளித்தோலிலும் அதற்கு அடுத்த படையிலும் முளையிலும் இருக்கின்றன. நடுவில் இருப்பது அநேகமாக மாவுச்சத்து. வெள்ளை மா வேண்டும் என்றால் தோலையும் முளையையும் நீக்க வேண்டும். அப்போது இரும்பு, நாகம், மக்னீசியம் பாதிக்கு மேல், சிலது முக்கால் பங்கு வரை, தவிட்டோடு போய்விடும். தவிடு மாட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விதை மாறியதால் புரோட்போக்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆலையில் ஒரே நாளில் குறைவது அதைவிட மிகக் கூட. துருக்கி வயலில் கஷ்டப்பட்டு ஏற்றிய நாகமும் வெள்ளை மாவில் பெரிதாக மிஞ்சாது. நாட்டின் கடைகளில் கோதுமையின் நிறம் வெள்ளையாக இருக்கும் வரை, மண்ணைப் பற்றிய நம் சண்டையில் பாதி தவிட்டு மூட்டைக்குள் கிடக்கிறது.

மக்கரிசன் இதையும் பார்த்திருந்தார். குன்னூரில் அவர் எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து வளர்த்த கதை பிரபலம். ஒரு கூட்டத்துக்குப் பஞ்சாப் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, மரக்கறி. இன்னொரு கூட்டத்துக்கு இங்கிலாந்து ஏழைத் தொழிலாளி சாப்பாடு: வெள்ளைப் பாண், மாஜரின், ஜாம், டின் இறைச்சி, சீனி போட்ட தேத்தண்ணி. முதல் கூட்டம் செழித்தது. இரண்டாவது கூட்டம் குறுகி, நோய்ப்பட்டு, ஒன்றையொன்று கடித்துக் கொன்றது. அந்த இரண்டாவது பட்டியலை நம் வீட்டுச் சாப்பாட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க எலி நிபுணர் தேவையில்லை.

மாவில் இரும்பைக் கலந்த கதை

மாவிலிருந்து போன இரும்பை மாவிலேயே திரும்பப் போட்டால் என்ன? இதை நம் மக்கள் மத்தியிலேயே செய்து பார்த்தார்கள். இலங்கைத் தோட்டக் குடும்பங்களுக்கு இரண்டு வருடம் இரும்பு சேர்த்த கோதுமை மாவைக் கொடுத்து இரத்தத்தை அளந்த ஆய்வு 2004இல் வெளியானது. இரத்தச்சோகை குறையவில்லை.

கோபப்பட வேண்டிய முடிவு இது. ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் தாவர உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் மேல் குறையலாம். தோட்டத்தில் ரொட்டியும் சாயத் தண்ணியும் இரட்டைப் பிள்ளைகள். மீன், இறைச்சி, நெல்லிக்காய், தேசிக்காய் போன்றவை பக்கத்தில் இருந்தால் இரும்பு உள்ளே போகும். அதை வாங்கச் சம்பளம் வேண்டும். குடற்புழு, அடுத்தடுத்த பிரசவம் எல்லாம் இருக்கிற இரும்பையும் எடுத்துப் போகும். 2016 தேசிய ஆய்வில், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம். இந்த இடைவெளியை உரத்தாலோ மாவில் தூவும் பொடியாலோ மட்டும் மூட முடியாது.

கிளினிக்கில் நம் அக்காமாரைப் பார்த்து 'சத்தானதைச் சாப்பிடுங்க' என்று சொல்லி அனுப்பும்போது, இந்த முழுச் சங்கிலியும் ஒரு பெண்ணின் தனிப்பட்ட கவனக்குறைவாகச் சுருங்கிவிடுகிறது. விதையை அவள் தெரிவு செய்யவில்லை. கப்பலை அவள் அழைக்கவில்லை. தவிட்டை அவள் நீக்கவில்லை.

திரும்பிப் போகாத சத்து

இன்னொரு பாதி இருக்கிறது. அது நேராக மஹய்யாவ வாசல் வரை வருகிறது. மண்ணிலிருந்து மணிக்குப் போன தாது, மணியிலிருந்து மனிதனுக்கு வருகிறது. பிறகு எங்கே போகிறது? கழிவாக வெளியேறுகிறது. கிராமத்தில் அது ஒரு காலத்தில் எருவாகி வயலுக்குத் திரும்பியது. நகரத்தில் திரும்புவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் யுஸ்டஸ் லீபிக் என்ற ஜெர்மன் இரசாயனவியலாளர் இதைச் சொல்லித்தான் இங்கிலாந்தைத் திட்டினார்: ஊர் ஊராக மண்ணின் சத்தை உறிஞ்சி, லண்டன் சாக்கடை வழியாகக் கடலில் கொட்டுகிறீர்கள் என்று. கார்ல் மார்க்ஸ் அதைப் படித்துத் தன் மூலதனத்தில் எடுத்துக்கொண்டார்.

கண்டி நகரத்தில் அந்தச் சத்தைக் கையால் சுமந்தவர்கள் யார்? வாளிக் கக்கூஸ் காலத்திலிருந்து நகரத்தின் கழிவையும் குப்பையையும் அள்ள வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். அவர்களின் வழி வந்தவர்கள் இன்றும் மஹய்யாவயில் நெருக்கியடித்த வீடுகளில் வாழ்கிறார்கள். மாநகர சபையின் துப்புரவு வேலையை இன்றும் செய்கிறார்கள். ஊர்ப்பெயரைச் சொன்னதும் நேர்முகப் பரீட்சையில் முகம் மாறுவதை நம் தலைமுறையும் பார்த்திருக்கிறது. மண் விஞ்ஞானத்தின் பாஷையில் சொன்னால், ஒரு நகரத்தின் நைதரசனையும் பொஸ்பரஸையும் நாகத்தையும் கையாண்ட மக்கள் இவர்கள். ஹவார்ட் தன் இந்தூர் முறையில் விலைமதிப்புள்ள மூலப்பொருள் என்று எழுதியதை, இங்கே தொட்ட கைக்குத் தீட்டு என்றார்கள்.

இன்று கண்டியின் குப்பை மகாவலி ஓரத்தில் கொஹாகொடைக்குப் போய்க் குவிகிறது. அவுஸ்திரேலியா வயலிலோ வட அமெரிக்க வயலிலோ கிளம்பிய தாது, திருகோணமலையில் அரைபட்டு, நம் ரொட்டியாகி, மிச்சமாகி, கடைசியில் அங்கே மழையில் கரைந்து ஆற்றுக்குள் இறங்குகிறது. கிளம்பிய வயலுக்கும் திரும்பவில்லை, பக்கத்துத் தோட்டத்து மண்ணுக்கும் போகவில்லை. அதை ஈடுகட்டத்தான் அடுத்த வருடம் டொலர் கொடுத்து உரம் இறக்குகிறோம்.

2021இல் சேதன உரம் வேண்டும் என்று அறிவித்தவர்களிடம் நாம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: அந்த எரு எங்கிருந்து வரும், அதை யார் சேர்ப்பார்கள், அவர்களுக்குக் கையுறையும் சம்பளமும் மரியாதையும் உண்டா? ஒரே பருவத்தில் உரத்தை நிறுத்தினால் மண் உயிர்க்காது. கழிவைத் தரம் பிரித்து, பாதுகாப்பாக மக்கவைத்து, மண்ணுக்குத் திருப்பும் வேலையைப் பல வருடம் செய்தால்தான் மண்ணின் சேதனப் பொருள் மெதுவாக ஏறும். அந்த வேலையின் அறிவு ஏற்கெனவே யாருடைய கையில் இருக்கிறது என்று மாநகர சபைக்குத் தெரியும்.

பாட்டியிடம் சொல்ல நமக்கு ஒரு பதில் இருக்கிறது. சத்து குறைந்தது உண்மை, ஆனா மண்ணு மட்டும் காரணமில்ல பாட்டி. விதை மாறிச்சு, ஆலை தவிட்டை எடுத்துச்சு, சம்பளம் மீனை எட்டவிடல, தேத்தண்ணி மிச்சத்தைத் தடுத்துச்சு. இதில் நம் கையில் உடனே இருப்பது கொஞ்சம்தான்: சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேத்தண்ணி குடிப்பது, கிடைத்தால் ஆட்டா மாவையும் குரக்கன் மாவையும் ரொட்டியில் கலப்பது, சம்பலில் தேசிக்காயைத் தாராளமாகப் பிழிவது. மீதியெல்லாம் கேட்டு வாங்க வேண்டியவை. நாட்டுக்குள் வரும் கோதுமையில் என்ன தாது இருக்கிறது என்று அளந்து வெளியிடச் சொல்ல வேண்டும். தவிடு முழுவதையும் நீக்காத மாவை மலிவு விலையில் தரச் சொல்ல வேண்டும். தோட்டத்து மக்களுக்கு மரக்கறியும் கோழியும் வளர்க்க நிலம் தரச் சொல்ல வேண்டும். குப்பை அள்ளும் கைகளுக்குத் தொழில் என்ற மதிப்பைத் தரச் சொல்ல வேண்டும். அடுத்த முறை யாராவது மேடையேறி 'மண் செத்துப் போச்சு' என்று தொடங்கினால், இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவோம்.